டைனமோ போய்விட்டதா? காரில் சார்ஜ் ஏறாத பிரச்சினையும் ஆல்டர்னேட்டர் மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டுப் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருவர் தன் வெள்ளைக் காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஆறு மாதத்தில் இரண்டு ஆல்டர்னேட்டரும் ஒரு பேட்டரியும் மாற்றியிருந்தார். “அண்ணே, இதுவும் போயிடுச்சு, மூணாவது வாங்கி டிக்கியில வச்சிருக்கேன், மாட்டிக் கொடுங்க” என்றார். மாட்டுவதற்கு முன்னால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். வண்டி ஓட, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டதும் 1.1 வோல்ட் காட்டியது. 0.2-ஐத் தாண்டக் கூடாது. பேட்டரி ட்ரேக்கு அடியில் கியர்பாக்ஸுக்குப் போகிற எர்த் ஒயரின் லக் (ஒயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) பச்சை பூத்திருந்தது. லேசாக இழுத்ததும் பாதி இழைகள் கையோடு வந்துவிட்டன. புது லக் அடித்து, இரும்பு தெரியத் தேய்த்து, போல்ட்டை இறுக்கியதும் பேட்டரியில் 14.2 வோல்ட் நின்றது. டிக்கியில் இருந்ததை கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

இப்படி வீணாகும் பணத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால்தான் பட்டறையில் தினம் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டும் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுதான். பழைய அம்பாசடர் காலத்து வண்டிகளில் இருந்தது நிஜமான டைனமோ. சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட் அவுட் பெட்டி தனியாக இருக்கும். இன்று பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் இருப்பது ஆல்டர்னேட்டர். பழக்கத்தில் அதையும் டைனமோ என்றே சொல்கிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும். பெல்ட் புல்லியைச் சுற்றுகிறது, புல்லியோடு ரோட்டார் சுற்றுகிறது. இரண்டு சின்ன கார்பன் பிரஷ்கள் ஸ்லிப் ரிங் மேல் உரசி ரோட்டாருக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுக்க, அது காந்தமாகிறது. சுற்றியிருக்கும் ஸ்டேட்டர் காயிலில் கரண்ட் பிறக்கிறது. அது திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்ட் என்பதால், டயோடு பிளேட் அதை பேட்டரிக்கு ஏற்ற, ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றுகிறது. வோல்டேஜை 14-ஐ ஒட்டிப் பிடித்து வைப்பது ரெகுலேட்டர். பட்டறைகளில் அதை ‘ஐசி’ என்போம், சிலர் இன்னும் கட் அவுட் என்பார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு பேட்டரி லைட் எரிகிறது. வீடு போய்ச் சேர முடியுமா?

முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் சூடேறிவிடும். சூடு ஏறினால் அங்கேயே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். “இன்னும் நாலு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டி இன்ஜின் ஹெட் வளைந்து போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

டெம்பரேச்சர் சரியாக இருந்தால், இனி வண்டி பேட்டரியில் இருப்பதை வைத்துத்தான் ஓடப் போகிறது. சின்ன காரில் 35 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி இருக்கும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் வரை இழுக்கும். ஹெட்லைட் போட்டால் இன்னொரு 8 அல்லது 9. கணக்குப்படி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் வோல்டேஜ் இறங்க இறங்க, பேட்டரி முழுதாகத் தீர்வதற்கு முன்பே இன்ஜின் திணற ஆரம்பித்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் வேறு இடையிடையே ஓடும். பகலில் ஏசி, பாட்டு, சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில், மழையில் அதை நம்பாதீர்கள். வழியில் இன்ஜினை அணைக்கவும் வேண்டாம், திரும்ப செல்ஃப் எடுக்காது. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் திடீரென்று இறுகும், அதற்கும் தயாராக இருங்கள்.

பழுது பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கீழே சொல்கிற வரிசையிலேயே பாருங்கள். வரிசை மாறினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன்னால் பேட்டரியை அளக்க வேண்டும். 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. காலி பேட்டரியோடு மேற்கொண்டு சோதனை செய்ய வேண்டாம், வெளியே சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் வெயிலில் மூன்று, நான்கு வருடம் உழைத்த பேட்டரி களைத்துப் போவது சகஜம்.

இப்போது வண்டி ஓடட்டும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி 1500–2000 ஆர்பிஎம்மில் வைத்தால் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். ஹெட்லைட் ஹைபீம், ஏசி புளோயர் முழு வேகம், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போடுங்கள். 13.5-ஐ ஒட்டி நின்றால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை.

பலர் இங்கேயே நிறுத்திவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றப் போகிறார்கள். இன்னும் இரண்டு அளவு பாக்கி இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பின்னால் ரப்பர் மூடி போட்ட தடித்த போல்ட் ஒன்று இருக்கும், அதுதான் பி பிளஸ். வண்டி ஓட, லோடு எல்லாம் போட்டபடி, மீட்டரின் ஒரு முனை அந்த போல்ட்டில், மறுமுனை பேட்டரி பிளஸ்ஸில். 0.3-க்கு மேல் காட்டினால் நடுவில் இருக்கும் ஒயரிலோ மெயின் ஃப்யூஸிலோ பழுது. அதேபோல ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் பாருங்கள். 0.2-க்கு மேல் என்றால் எர்த் சரியில்லை. மேலே சொன்ன வெள்ளைக் காரில் இந்த ஓர் அளவை யாராவது எடுத்திருந்தால் இரண்டு ஆல்டர்னேட்டர் மிச்சம்.

மீட்டர் ஒயரும் சட்டைக் கையும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

செய்யாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கார்புரேட்டர் காலத்தில் அப்படிப் பார்ப்பார்கள், அந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆல்டர்னேட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும் கரண்ட்டைத் தாங்குவது பேட்டரிதான். அதை நடுவில் பிடுங்கினால் வோல்டேஜ் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 40-ஐத் தாண்டி எகிறலாம். ஆல்டர்னேட்டரின் டயோடு, ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், ஏர்பேக் யூனிட் என்று எது வேண்டுமானாலும் போகும். மீட்டர் இருக்கும்போது இந்தச் சோதனைக்கு அவசியமே இல்லை.

சாவி போட்டதும் பேட்டரி லைட் எரியவே இல்லை. அப்படியானால் எல்லாம் நல்லதுதானே?

இல்லை. இன்ஜின் ஓடாதபோது, சாவி ஆன் நிலையில் அந்த லைட் எரிந்தே ஆக வேண்டும். ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ரோட்டாருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃப்யூஸ் ஆனாலோ சின்ன ஒயர் அறுந்தாலோ ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாது. நன்றாக ரேஸ் கொடுத்த பிறகுதான் சார்ஜ் வரும், சில வண்டியில் வரவே வராது. ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும் சின்ன சாக்கெட்டைப் பிடுங்கி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் எலிதான் பாதி ஒயர் வேலையைக் கொண்டுவருகிறது.

பகலெல்லாம் சார்ஜ் சரியாக ஏறுகிறது. காலையில் பார்த்தால் பேட்டரி படுத்துவிடுகிறது. ஏன்?

பேட்டரி பழசாகியிருக்கலாம், அல்லது வண்டி அணைந்திருக்கும்போதும் எதுவோ கரண்ட் குடிக்கிறது. எல்லாக் கதவும் மூடி, அரை மணி நேரம் விட்ட பிறகு, மைனஸ் ஒயரோடு தொடராக ஆம்பியர் மீட்டர் போட்டால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும், கவனம். அதிகமாகக் காட்டினால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பின்னாளில் மாட்டிய ஜிபிஎஸ், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபையர் இவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

எல்லா ஃப்யூஸையும் எடுத்தும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரில் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். இதற்குக் கையே மீட்டர். விடியற்காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால், பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டர் மேல் உள்ளங்கையை வையுங்கள். இன்ஜின் பிளாக் சில்லென்று இருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ராத்திரி முழுக்க பேட்டரி கரண்ட் அதற்குள் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் டயோடுதான்.

டயோடு திறந்துகொண்டு போவதும் உண்டு. அப்போது ராத்திரியில் கரண்ட் குடிக்காது, ஆனால் தரும் கரண்ட் குறையும், பேட்டரி லைட் மங்கலாக எரியும், ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு இரைச்சல் கேட்கும். வண்டி ஓட, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியை அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும்.

மீட்டரில் 15-க்கு மேல் காட்டுகிறது. அதிகம் சார்ஜ் ஆனால் நல்லதுதானே?

பேட்டரி வெந்துவிடும். தண்ணீர் சீக்கிரம் வற்றும், அழுகிய முட்டை வாடை வரும், பல்புகள் அடிக்கடி ஃப்யூஸ் ஆகும். பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் காரணம், அதை மட்டும் மாற்றலாம். அந்த வாடை வரும்போது பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது.

என் புது வண்டியில் ஓடும்போது சில நேரம் 12.8 தான் காட்டுகிறது. பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. இப்போதைய பல வண்டிகளில் எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்பதை ஈசியூ முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜைக் குறைக்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் 14-க்கு மேல் ஏற்றும். பேட்டரி மைனஸில் சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்திருந்தால் உங்கள் வண்டி இந்த ரகம். லோடு எல்லாம் போட்டும் ஏறவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவரிடம் போங்கள்.

2015-ல் மாருதியின் சியாஸ், எர்டிகாவில் வந்த எஸ்எச்விஎஸ் போன்ற மைல்ட் ஹைப்ரிட் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் இருப்பது ஐஎஸ்ஜி. அது சார்ஜும் ஏற்றும், இன்ஜினையும் சுற்றிவிடும். சாதா ஆல்டர்னேட்டரை அதற்கு மாற்றாகப் போட முடியாது.

சத்தத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி அடங்கினால் பெல்ட் தளர்வு, அல்லது பெல்ட் வழவழத்துவிட்டது. ‘ங்ங்’ என்று விடாமல் முனகினால் பேரிங். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் தெளிவாகத் தெரியும். நல்ல பேரிங் சீராக இரையும், தேய்ந்தது மணல் அரைப்பது போல நறநறக்கும்.

வெள்ளத்தில் நின்ற கார். ஆல்டர்னேட்டரை என்ன செய்வது?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலிருந்து வந்த வண்டிகளில் நான் பார்த்தது இது: தண்ணீர் வடிந்து நன்றாக ஓடிய ஆல்டர்னேட்டர்கள் சில வாரம் கழித்து வரிசையாகப் படுத்தன. காரணம் சேறு. பல கார்களில் ஆல்டர்னேட்டர் இன்ஜினின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. சேறு காய்ந்து கார்பன் பிரஷ்ஷை அதன் கூட்டுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, பேரிங் கிரீஸில் மண் சேர்கிறது. எனவே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். இன்ஜினைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் ஆல்டர்னேட்டரையும் இறக்கச் சொல்லி, பிரித்துக் கழுவி, உலர்த்தி, பேரிங் இரண்டையும் மாற்றி மாட்டுங்கள். இன்சூரன்ஸ் கேட்கப் போவதாக இருந்தால் எதையும் பிரிப்பதற்கு முன் சர்வேயர் பார்க்கட்டும்.

பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா?

கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் இவை தேயும் பொருள்கள். இவற்றை மாற்றிப் போடுவதில் தவறே இல்லை. பிரஷ் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே நின்றால் மாற்றிவிடுவேன். வண்டி ஆறினால் சார்ஜ் வருகிறது, சூடேறினால் நிற்கிறது என்கிற வண்டிகளில் பல முறை இந்தப் பிரஷ்தான் காரணம். பிரஷ் மாற்றும்போது ஸ்லிப் ரிங்கில் விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் புது பிரஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

ஸ்டேட்டர் கருகியிருந்தால், வார்னிஷ் தீய்ந்த வாடை அடித்தால், என் யோசனை முழுதாக மாற்றுவது. கையால் வைண்டிங் சுற்றித் தரும் நல்ல தொழிலாளிகள் இருக்கிறார்கள், ஆனால் இப்போதைய நெருக்கமான ஸ்டேட்டர்களில் அது பழையபடி வருவது கஷ்டம்.

புதுசு, ரீகண்டிஷன், பழைய மார்க்கெட். எதை வாங்கலாம்?

வண்டி இன்னும் நாலைந்து வருடம் வேண்டும் என்றால் புதுசு. கார் கம்பெனி பெட்டியில் வருவதும், அதைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வருவதும் பல நேரம் ஒரே பொருள், விலைதான் வேறு. 1961-ல் தொடங்கிய, நம் சென்னைப் பாடி பகுதியில் தொழிற்சாலை வைத்திருக்கும் லூகாஸ் டிவிஎஸ், டென்சோ, வேலியோ, மிட்சுபிஷி எலக்ட்ரிக் இவற்றில் எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று பழைய லேபிளில் பாருங்கள். பாஷ் போட்ட வண்டி என்றால் 2018-க்குப் பிறகு எஸ்இஜி என்ற பெயரிலும் வரும், குழம்ப வேண்டாம்.

ரீகண்டிஷன் வாங்கினால் எதை எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பேரிங், பிரஷ், ரெகுலேட்டர் மாற்றி, பெஞ்சில் லோடு போட்டு ஓட்டிக் காட்டி, பில்லில் வாரண்டி எழுதித் தருபவரிடம் தயங்காமல் வாங்கலாம். பெயின்ட் மட்டும் புதிதாக அடித்திருந்தால் வேண்டாம்.

புதுப்பேட்டை, உக்கடம் போன்ற இடங்களில் கிடைக்கும் பழசு, கடைகளில் புதிது கிடைக்காத வண்டிகளுக்கு உதவும். புல்லியைக் கையால் சுற்றி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. சேறு படிந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கடைக்குப் போகும்போது எதையெல்லாம் பொருத்திப் பார்க்க வேண்டும்?

வண்டிப் பெயரும் வருடமும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் ஒரே வருடத்தில் இரண்டு வகை வந்திருக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். லேபிளில் உள்ள பார்ட் நம்பரைக் கழற்றுவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும்போது சில நேரம் எழுத்தும் போய்விடும்.

கடை மேசையில் இரண்டையும் அருகருகே வையுங்கள். மாட்டும் காதுகளின் இடைவெளி, போல்ட் ஓட்டையின் அளவு, புல்லியில் எத்தனை வரி, புல்லியின் விட்டம், சாக்கெட்டில் எத்தனை பின், பி பிளஸ் போல்ட் எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை ஆம்பியர். சாக்கெட் பொருந்திவிட்டது என்பதற்காக ரெகுலேட்டரும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். ஈசியூ ஆட்டிவைக்கும் வண்டிக்குச் சாதா ரெகுலேட்டர் போட்டால் லைட் எரிந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று: பல டீசல் வண்டிகளில் புல்லி ஒரு திசையில் மட்டும் பிடிக்கும், மறு திசையில் வழுக்கும். அதற்குப் பதில் சாதா புல்லி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் துடிக்கும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சீக்கிரம் போகும்.

அதிக ஆம்பியர் போட்டால் வயரிங் எரியுமா?

வண்டி கேட்கிற அளவுதான் இழுக்கும், ஆல்டர்னேட்டர் தானாகத் திணிக்காது. 70 இருந்த இடத்தில் 90 பொருந்தினால் போடலாம், ஆனால் பி பிளஸ் ஒயரும் மெயின் ஃப்யூஸும் அதைத் தாங்க வேண்டும். குறைந்த ஆம்பியர் மட்டும் வேண்டாம். மழை இரவில் ஹெட்லைட் 8, ரேடியேட்டர் ஃபேன் 15, புளோயர் 15, இன்ஜினுக்கு 10, வைப்பர் 5 என்று கூட்டினாலே 50-ஐத் தாண்டுகிறது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவில் பாதிதான் தரும். கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது பேட்டரி கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது.

பழைய டீசல் வண்டியில் ஆல்டர்னேட்டர் பின்னால் ஒரு பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறதே?

அது வாக்குவம் பம்ப். பழைய சுமோ, இண்டிகா டீசல் போன்ற வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கு அதுதான் உயிர். மாற்றும்போது பம்போடு சேர்ந்ததைத்தான் வாங்க வேண்டும், எண்ணெய்க் குழாயையும் வாக்குவம் குழாயையும் சரியாக மாட்ட வேண்டும். இந்த வேலை முடிந்ததும் வண்டியை உடனே ரோட்டுக்கு எடுக்காதீர்கள். நின்ற இடத்திலேயே ஓடவிட்டு பிரேக்கை நாலைந்து முறை அழுத்துங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் வாக்குவம் வரவில்லை. பம்பின் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் உள்ளே இறங்கினால் கார்பன் பிரஷ் ஊறிப்போய் சார்ஜ் நிற்கும். அங்கே பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் மறுபடி வருவீர்கள்.

மாட்டும்போதும் மாட்டிய பிறகும் என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பி பிளஸ் போல்ட்டில் சாவி இல்லாதபோதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் இதோடு மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். கையால் டென்ஷன் வைக்கும் வண்டியில் பெல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் புது பேரிங்கே போகும்.

பேட்டரி காலியாக இருந்தால் வெளியே சார்ஜ் ஏற்றிய பிறகே மாட்டுங்கள். செத்த பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது ஆல்டர்னேட்டரிடம் முதல் நாளே கொடுத்தால் அது கொதித்துவிடும்.

பிறகு மேலே சொன்ன அளவுகளை மறுபடி எடுத்து, பில்லின் பின்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்: நின்றபடி எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, லோடோடு எவ்வளவு. புது பெல்ட் போட்டிருந்தால் 500 கிலோமீட்டரில் ஒரு முறை டென்ஷன் பார்க்கக் கொண்டு வாருங்கள், அந்த பில்லையும் எடுத்து வாருங்கள்.